பத்தாம் நாள் காய்ச்சல்

புற்றுநோய் மருத்துவரின் அறை வாசலில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். நோயாளியின் பெயரைக் கூப்பிட்டதும் மகனோ மருமகனோ முந்திக்கொண்டு தனியாக உள்ளே போவார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "டாக்டர், அம்மாவுக்கு விஷயம் தெரியாது. சாதாரணக் கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் ஒண்ணும் சொல்லிடாதீங்க." சில நாள் கழித்து அதே அம்மா டே கேர் வார்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். புறங்கையில் வென்ஃப்ளான் குத்தியிருக்கும். தலைக்கு மேலே ஸ்டாண்டில் மருந்துப் பை தொங்கும். என்னம்மா ஏத்துறாங்க என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டால், "சத்து ஊசி. ரத்தம் கம்மியா இருக்காம்" என்பார்.

அந்த மகனின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. நோயின் பெயரைக் கேட்டாலே அம்மா உடைந்துபோவாள் என்று அவன் மெய்யாகவே பயப்படுகிறான். ஆனால் கீமோ மருத்துவமனையில் ஏறி வீட்டில் வேலை செய்கிற வைத்தியம். ஏற்றுவதற்குச் சில மணி நேரம் போதும். அது செய்கிற வேலையோடு வாழ வேண்டியது அடுத்த மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டிய முதல் ஆள் நோயாளிதான். அவரிடமே மறைத்துவிட்டால் கவனிக்க ஆளில்லை.

என் அத்தைக்கும் அப்படித்தான் மறைத்தார்கள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மார்பில் கட்டி. அறுவை முடிந்து கீமோ தொடங்க வேண்டும் என்றபோது வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி, சத்து ஊசி என்று சொல்லிவிடுவதாக முடிவெடுத்தார்கள். துணைக்குப் போகிற பொறுப்பு என்னுடையது. அங்கே பார்த்ததையும் பின்னால் படித்தும் கேட்டும் அறிந்ததையும் எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் மருந்து வேறு, அளவு வேறு, உடம்பு வேறு. மருத்துவரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

கீமோ நாள் ரத்தப் பரிசோதனையில் தொடங்கும். பல இடங்களில் முந்தின நாளே எடுத்துவிடுவார்கள். வெள்ளையணு, தட்டணு, ஹீமோகுளோபின், சிறுநீரகம், ஈரல் எல்லாம் பார்த்துத்தான் ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவாகும். "கவுண்ட் வரலை, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. விடியற்காலை பஸ் பிடித்து வந்தவருக்கு அது இடி விழுந்த மாதிரி. நோய் முற்றிவிட்டது, கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து வராந்தாவில் உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போன முறை ஏறிய மருந்திலிருந்து எலும்பு மஜ்ஜை இன்னும் மீளவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது.

அடுத்து எடை, உயரம். பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவை உடம்பின் மேற்பரப்பைக் கணக்கிட்டு முடிவு செய்கிறார்கள். உயரத்தையும் எடையையும் வைத்து மேற்பரப்பைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் 1916இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதன் வழிவந்த கணக்குகளே இன்றும் நடைமுறையில் உள்ளன. போன முறைக்கும் இந்த முறைக்கும் எடை நன்றாகக் குறைந்திருந்தால் மருந்தின் அளவும் மாறும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடை மெஷினில் ஏறச் சொல்கிறார்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். துணைக்கு வந்தவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். ரிப்போர்ட் சரியென்று தெரிந்த பிறகுதான் மருந்தைக் கலக்கத் தொடங்குவார்கள். கலந்த மருந்து பலவும் நெடுநேரம் தாங்காது, விலையும் அதிகம். கலக்குகிறவரின் மூச்சில் மருந்து ஏறாதபடி காற்றை உறிஞ்சிக்கொள்ளும் கண்ணாடித் தடுப்புக்குள் கைவிட்டுக் கலக்க வேண்டும். மில்லிகிராம் கணக்கை ஒருவர் பார்த்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அங்கே ஆகிற தாமதம் நல்ல தாமதம்.

சிஸ்டர் நீளக்கை கவுனும் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அத்தையின் முகம் மாறியது. சத்து ஊசி போட வருகிறவர்களுக்கு எதற்கு இத்தனை கவசம்? நாள்தோறும் பலருக்கு ஏற்றுகிற சிஸ்டரின் தோலில் ஒவ்வொரு துளியாகப் பட்டால் வருஷக் கணக்கில் சேர்ந்துவிடும். கவசம் மருந்துக்காக, நோயாளியிடம் தொற்று எதுவும் இல்லை. ஆனால் எங்களால் அதை அத்தையிடம் சொல்ல முடியவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஆறுதலான ஓர் உண்மையையும் சேர்த்து விழுங்க வேண்டியிருந்தது.

முதலில் ஏறுவது கீமோ கிடையாது. வாந்தியைத் தடுக்கும் ஊசி, ஒவ்வாமையைத் தடுக்கும் ஊசி, டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு இவையெல்லாம் முன்னால் போகும். இந்த ஸ்டீராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அன்றும் அடுத்த சில நாளும் சர்க்கரை எகிறும். அன்றிரவு தூக்கம் வராது. கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். மனக்கவலை என்று வீட்டில் நினைப்பார்கள். வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் மலச்சிக்கல் உண்டாக்கும். இரண்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிக் கலக்கம் தீர்ந்தது.

அப்புறம் அந்தச் சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின் என்று பெயர். இத்தாலியில் காஸ்தெல் தெல் மோந்தே என்னும் பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணிலிருந்து 1950களில் எடுத்த ஒரு நுண்ணுயிரின் வழியாக வந்தது. பெரிய சிரிஞ்சில் செக்கச்செவேலென்று இருக்கும். சலைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கவாட்டில் சிஸ்டர் அருகிலேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். இடையிடையே கேட்பார்: "எரியுதாம்மா? கடுக்குதா? வீங்குதா?"

அந்தக் கேள்விக்கு இந்த மருத்துவத்தில் பெரிய இடம் உண்டு. டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்ற சில மருந்துகள் ரத்தக் குழாய்க்குள் இருக்கும்வரை சரி. ஊசி நழுவி வெளியே தசைக்குள் கசிந்தால் அந்த இடத்துத் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். சிலருக்கு ஒட்டறுவைவரை போகும். லேசாக எரிந்தாலும் அந்த நொடியே சொல்ல வேண்டும். நம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தது இதற்கு நேர்மாறானது. பல்லைக் கடித்துக்கொள், ஊசின்னா வலிக்கத்தான் செய்யும், நாலு பேருக்கு முன்னால் கத்தாதே. அறுபது வருஷம் பொறுத்துப் பழகிய உடம்பு ஒரு சிரிஞ்சுக்கு முன்னால் திடீரென்று வாய் திறக்காது. இது வீரியமான மருந்து, கசிந்தால் கை புண்ணாகும் என்று சொல்லியிருந்தால்தான் திறக்கும். சத்து ஊசி கொஞ்சம் எரிந்தால் யாராவது சிஸ்டரைக் கூப்பிடுவார்களா?

ரத்தக் குழாய் கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்தப்படுகிறவர்களுக்குப் போர்ட் வைக்கலாம். மார்பின் மேல்பகுதியில் தோலுக்கடியில் சின்னப் பொத்தான் அளவு கருவியைச் சிறு அறுவையில் பொருத்துவார்கள். அதிலிருந்து ஒரு குழல் பெரிய ரத்தக் குழாய்க்குள் போகும். அதற்கென்றே உள்ள ஊசியை அதில் குத்தி ஏற்றுவார்கள். சிகிச்சை இல்லாத காலத்திலும் அவ்வப்போது கழுவிவிட வேண்டும். செலவுதான், ஆனால் மாதக்கணக்கில் ஏற்ற வேண்டியவருக்குக் கை நரம்புகளெல்லாம் கறுத்துக் கெட்டியாகாமல் தப்பிக்கும். நீங்களே கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

பேக்லிடாக்ஸெல் மாதிரி மருந்துகள் வேறு வகை. அவை ஏறத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சிலருக்கு ஒவ்வாமை வரும். முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும், முதுகு பிடிக்கும், மூச்சு திணறும். சொன்னதும் நிறுத்திவிட்டு மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிஸ்பிளாட்டின் ஏற்றுகிற அன்று பாட்டில் பாட்டிலாகச் சலைன் போகும், சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்கு. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறியவர் சில நாள் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால்கூட விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுண்டும். ஃபிரிட்ஜைத் திறக்கிற வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம். குடல் புற்றுநோய்க்குச் சில முறைகளில் இடுப்பில் ஒரு பம்ப்பைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தை கழிப்பறையிலிருந்து வெளிறிய முகத்தோடு வந்தார். சிறுநீர் சிவப்பாகப் போயிருந்தது. ரத்தம் என்று நினைத்துவிட்டார். அது மருந்தின் நிறம். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். அதை முன்னாலேயே சொல்லாததால் அந்த ராத்திரி முழுக்க, தான் சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பயப்படக்கூடாது என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் மறைத்திருந்தோம்.

கீமோ என்றதும் நம் மனத்தில் எழுகிற படம் வாந்தி. சினிமா அதைப் பெரிதாக்கியிருக்கிறது. பழைய தலைமுறை பட்ட பாடும் அப்படித்தான். 1978இல் சிஸ்பிளாட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதனால் வரும் வாந்தியை அடக்க நல்ல மருந்தே இல்லை. ஒண்டான்செட்ரான் வந்தது 1991இல். அதன் பிறகு வேறு மருந்துகளும் சேர்ந்தன. இன்று பலருக்குக் குமட்டலோடு நின்றுவிடுகிறது. வாந்தி வந்த பிறகு மாத்திரை போடுவதைவிட, எழுதிக்கொடுத்தபடி நேரத்துக்கு முன்னாலேயே போட்டுக்கொள்வதுதான் பலன் தரும். ஆகவே நான் வாந்தியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அதிகம் எழுத வேண்டியது வெள்ளையணுவைப் பற்றி.

இந்த மருந்துகளில் பலவற்றின் பிறப்பிலேயே வெள்ளையணு இருக்கிறது. முதல் உலகப் போரில் மஸ்டர்ட் வாயுவுக்கு ஆளான சிப்பாய்களின் ரத்தத்தில் வெள்ளையணு வற்றிப்போயிருந்ததை 1919இலேயே எழுதி வைத்தார்கள். 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மேன், கில்மேன் என்ற இருவர் அந்த வாயுவின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவரின் ரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். கட்டிகள் சுருங்கின, சில வாரங்களில் திரும்பவும் வந்தன. அடுத்த வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் ரகசியமாக வைத்திருந்த மஸ்டர்ட் குண்டுகள் வெடித்துக் கசிந்தன. செத்தவர்களையும் பிழைத்தவர்களையும் ஆராய்ந்த ராணுவ மருத்துவர் ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர் கண்டதும் அதே வெள்ளையணு வீழ்ச்சியைத்தான். ரத்தத்தில் வேகமாகப் பெருகுகிற செல்லை அழிக்கிறது என்றால், கட்டுமீறிப் பெருகுகிற செல்லையும் அழிக்குமே என்று யோசித்தார்கள்.

நம் ஊர்ச் செடியின் கதையும் இதேதான். நித்தியகல்யாணி, எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்பார்கள். கேட்பாரில்லாமல் பூத்துக் கிடக்கும். ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் 1950களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணு குறைந்தது. அதைத் தொடர்ந்து போய் 1958இல் வின்பிளாஸ்டினைக் கண்டெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் வந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் அது ஏறுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணியைப் பயிராகவே போட்டு இலையும் வேரும் ஏற்றுமதி செய்கிறார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் என்கிற கீமோ மருந்துக்குப் பின்னாலும் நம்மோடு தொடர்புள்ள ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். பின்னாளில் அமெரிக்காவில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதை எதிர்க்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைத்தான் போஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். மெத்தோட்ரெக்ஸேட் அமினோப்டெரினின் நெருங்கிய உறவு.

இவற்றையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மருந்துகளுக்குப் பகை செல் எது, நம் செல் எது என்று அடையாளம் தெரியாது. வேகமாகப் பிரிகிற செல்லைத்தான் தெரியும். மயிர்க்கால், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை எல்லாமே வேகமாகப் பிரிபவை. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் வேகிறது, வயிறு போகிறது, வெள்ளையணு சரிகிறது. ஏறிய நாளில் ஒன்றும் தெரியாது. பல மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளையணு அதல பாதாளத்துக்குப் போய், மூன்றாம் வாரத்தில் ஏறிவரும். 21 நாளுக்கு ஒரு சைக்கிள் என்று வைப்பதன் கணக்கு இதுதான்.

கொடுமை என்னவென்றால், பத்தாம் நாளில் நோயாளி நன்றாகத்தான் இருப்பார். குமட்டல் போயிருக்கும். பசி எடுக்கும். வாசலில் வந்து உட்காருவார். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வருவது அப்போதுதான்; அதில் ஒருவருக்குச் சளி பிடித்திருக்கும். வீட்டில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விடுகிற அந்த நாட்களில்தான் உடம்பில் காவல் இருக்காது. நோயாளியைப் பார்க்கப் போவது நம் மரபு, நல்ல மரபு. ஆனால் எந்த நாளில் வரலாம் என்று போன் செய்து கேட்டுவிட்டு வாருங்கள்.

முடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சிவப்பு மருந்து ஏறியவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில், சீப்பில், குளியலறை ஓட்டையில் கொத்துக் கொத்தாக. புருவமும் இமையும்கூட உதிரும். ஆண்களுக்கு இது ஒரு சங்கடம். நம் ஊர்ப் பெண்களுக்கு வேறு ஏதோ. பூ வைக்கத் தலை இல்லை. பழைய நாளில் மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்ட விதவைகளின் நினைவு இன்னும் சில வீடுகளில் செத்துப்போகவில்லை. நல்லது கெட்டதுக்குப் போக மாட்டேன் என்று அறைக்குள்ளேயே அடைந்துகொள்கிறவர்கள் உண்டு. கொட்டத் தொடங்கும் முன்னரே குட்டையாக வெட்டிக்கொள்வதோ மழித்துக்கொள்வதோ மனத்துக்குச் சற்று எளிது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தெருவில் கேட்டால் பழனிக்கு வேண்டுதல், சமயபுரத்துக்கு வேண்டுதல் என்று சொல்லிவிடுகிறார்கள். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி வளர்ந்துவிடும். முன்பைவிடச் சுருளாகவும் வளரலாம்.

அத்தை ஒரு நாள் காலையில் கைப்பிடி முடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "ஏய்யா, சத்து ஊசி போட்டா முடி கொட்டுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. சொல்லாதே என்று சொல்லியிருந்த மாமாவும் அங்கேதான் நின்றார். யாரும் பதில் சொல்லவில்லை. "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். அடுத்து என்ன வரும்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க" என்றார். அடுத்த முறை போனபோது சிஸ்டர் ஒருவர் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நகத்தில் கறுப்புக் கோடு விழும். உள்ளங்கையும் நாக்கும் கறுக்கலாம், நம் நிறத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும், நாளாவட்டத்தில் குறையும். வாயில் புண் வரும், உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், காரம் வேண்டாம். எதைத் தின்றாலும் இரும்பு வாடை அடிக்கும். அத்தை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அன்றிரவு தூங்கினார்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்குப் பத்தியம் வேண்டும். எதைச் சாப்பிடக் கூடாது என்பதுதான் முதல் கேள்வி. கத்தரிக்காய் கூடாது, கோழி கூடாது என்று ஒவ்வொருவரும் ஒன்றை நீக்கி, கடைசியில் கஞ்சி மட்டும் மிஞ்சி, எடை இறங்கி, அடுத்த சைக்கிள் தள்ளிப்போகிறது. நன்றாக வெந்தது, சூடாக இருப்பது, வீட்டில் சமைத்தது எதுவும் சாப்பிடலாம். முட்டை முழுக்க வெந்திருக்க வேண்டும். தண்ணீர் கொதித்து ஆறியது. கவுண்ட் குறைகிற நாட்களில் பச்சைக் காய்கறியும் கடை ஜூஸும் வேண்டாம். முள்சீத்தா இலை, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கஷாயம் எதைக் குடிப்பதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன.

தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிற வீடுகளைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. புற்றுநோய் ஒட்டாது. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். ஏற்றிய இரண்டு நாள்வரை சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து வெளியேறும். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள், துணியைத் துவைக்கிறவர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பெற வேண்டிய வயதில் இருப்பவர்கள் முதல் ஊசிக்கு முன்பே கருமுட்டை, விந்து சேமிப்பு பற்றிக் கேட்க வேண்டும். கல்யாணமாகாத பிள்ளையிடம் இதை எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டுக் காலத்தைக் கோட்டைவிடாதீர்கள்.

பணம் பெரிய விஷயம்தான். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவுக்கு இடம் உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் ஏறியது என்ற தாள்களைப் பத்திரமாக வையுங்கள். டாக்ஸோரூபிசினுக்கு வாழ்நாள் கணக்கு ஒன்று உண்டு. ஏறியது எல்லாம் சேர்ந்து உடம்புப் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயம் தளரும் ஆபத்து கூடிவிடும். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள் கேட்கப்படலாம்.

மறைப்பது நம் மரபு என்று சொல்வார்கள். இந்த மண்ணில் வேறு மரபும் இருந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையை 1923இல் மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். நோயின் பெயரை வீட்டுக்குள் புதைத்துவிடாமல் முப்பது வருஷம் மேடையிலும் அரசாங்கத்திடமும் அதைச் சொல்லிச் சொல்லியே 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அவர்கள் வாய்விட்டுச் சொன்னதால் உயிர் பிழைத்தவர்கள் இன்று நம் தெருக்களில் நடமாடுகிறார்கள்.

நடுவில் ஒரு சைக்கிளில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. ராத்திரி நேரம். ஊரில் மாமா மட்டும்தான் கூட இருந்தார். ஒரு மாத்திரை போட்டுப் படு, காலையில் பார்க்கலாம் என்றிருக்கிறார். அத்தை கேட்கவில்லை. நாள்காட்டியில் குறித்து வைத்திருந்ததைக் காட்டி, "இது எனக்கு அணு குறையிற நாளு, இப்பவே போணும்" என்று ஆட்டோ பிடிக்கச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில், காய்ச்சல் கேஸ் என்று உட்காரச் சொன்னவரிடம் தான் கீமோ நோயாளி என்று அவரே சொன்னார். ரத்தம் எடுத்து ரிப்போர்ட் வருவதற்குள் ஆண்டிபயாடிக் ஏறிவிட்டது. வெள்ளையணு 600 என்று அப்புறம் தெரிந்தது. 4,000க்கு மேல் இருக்க வேண்டியது. சத்து ஊசி என்று நம்பிக்கொண்டிருந்தால் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்.

வெள்ளையணு இல்லாத உடம்பில் கிருமி நுழைந்தால் சீழ் கட்டாது, வீங்காது, சிவக்காது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். சிலருக்கு அதுகூட வராமல் குளிர் நடுக்கமும் மயக்கமும் மட்டும் வரும். பாராசிட்டமால் அந்த ஒரே அடையாளத்தையும் அழித்துவிடும். காய்ச்சலோடு வருகிற கீமோ நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விதி. தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் உயிராபத்து கூடும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ ஏறுகிறதென்றால் இன்றைக்கே ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஏறிய நாளிலிருந்து எண்ணி, ஏழு முதல் பதினான்கு வரை நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். கீமோ ஏறியிருக்கிறது, இன்று இத்தனையாவது நாள் என்று வாசலிலேயே சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாத ராத்திரியில் அதைச் சொல்ல வேண்டியவர் நோயாளிதான். அவரிடம் சொல்லிவிடுங்கள்.